ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டம் யாருடையது?

இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் வாங்கினாலும், கோயிலில் அன்னதானத்திற்கு நன்கொடை கொடுத்தாலும், இன்று முதலில் கண்ணில் படுவது கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடுதான். கோவிட் காலத்தில் மைசெஜாத்ராவுக்காகக் கடைக்குக் கடை கைப்பேசியை நீட்டிப் பழகிவிட்டோம். 2019-இல் அறிமுகமான டூயிட்நவ் கியூஆர், எந்த வங்கியானாலும் மின்பணப்பையானாலும் ஒரே குறியீட்டில் பணம் செலுத்த வழி செய்தது. சில்லறைத் தொல்லை குறைந்தது, ஒட்டுக்கடைக்காரர்களுக்கும் வசதிதான். மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையின் பெயர்ப் பலகையைக் கண்ணால் படித்துவிடலாம். கியூஆர் கட்டத்தைப் படிக்க முடியாது. அதற்குள் இருப்பது வங்கிக் கணக்கு விவரமா, இணையத்தள முகவரியா என்பது கேமரா படித்த பிறகுதான் தெரியும். அதை மாற்ற, மேலே இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டினால் போதும்.

2023-இல் நம் அண்டை நாடுகளில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். சிங்கப்பூரில் பானக் கடை ஒன்றின் கண்ணாடிக் கதவில், கருத்துக் கணிப்பில் கலந்துகொண்டால் இலவசத் தேநீர் என்று ஒரு ஸ்டிக்கர். அதை ஸ்கேன் செய்து, அது சொன்ன செயலியைப் பதிவிறக்கம் செய்த 60 வயது மாது 20,000 வெள்ளியை இழந்தார். ஜகார்த்தாவில் ஓர் ஆடவர், பல பள்ளிவாசல்களில் நன்கொடைக்கென்று தம்முடைய குறியீட்டை ஒட்டி வைத்து, பின்னர் போலீசிடம் சிக்கினார்.

"பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள்" என்பது வழக்கமான அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் ஜகார்த்தா ஆடவர் தம் கணக்கிற்கு வைத்த பெயரே 'பள்ளிவாசல் சீரமைப்பு' என்ற பொருள் தருவது. பெயரைப் பார்த்தவர்களும் ஏமாந்திருப்பார்கள்.

ஆகவே, பொறுப்பு முழுவதையும் ஸ்கேன் செய்பவர் தலையில் கட்டுவது சரியல்ல. குறியீட்டை ஒட்டி வைப்பவருக்கும் கடமை உண்டு. கோயில் நிர்வாகங்களும் கடைக்காரர்களும் தினமும் திறக்கும்போது அதைத் தடவிப் பார்த்து, ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாம். உண்டியல் ஓரத்தில் ஆளில்லாமல் விடாமல், முகப்பில் கண் பார்வையில் வைக்கலாம். பதிவான பெயரைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், பக்தர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளர் காட்டும் திரையில் அல்ல, தம் கணக்கில் பார்க்க வேண்டும்.

தோட்டப்புறத்தில் இன்னொரு கவலையும் உண்டு. கண் பார்வை மங்கிய தாத்தா பாட்டிகள், "நீயே பார்த்துக் கட்டிடுப்பா" என்று கைப்பேசியையும் பின் நம்பரையும் சேர்த்தே பிறரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ரொக்கம்தான் பாதுகாப்பு. "கியூஆர் மட்டும்தான்" என்று கடைகள் கை விரிக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: பணம் கட்ட வங்கிச் செயலிக்குள் இருந்தே ஸ்கேன் செய்யுங்கள்; ஸ்கேன் செய்ததும் வேறு செயலியைப் பதிவிறக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்; பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கியையோ, மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பணம் கை மாறிக்கொண்டே போகும்; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

நாளைக் காலை கடை திறப்பவர்கள், கோயில் நடை திறப்பவர்கள் முதலில் அந்த ஸ்டிக்கரை ஒரு முறை பாருங்கள். அது உங்களுடையதுதானா?