கடைக் காப்பி, வீட்டுக் காப்பி, எல்பனம்

வீட்டில் சில ரூபாய்க்குக் கலந்து குடிக்கக்கூடிய காப்பிக்குக் கடையில் நூற்றுக்கணக்கில் கொட்டிக்கொடுப்பது அறிவீனம் என்னும் வாதம் ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. சில வேளை அது சிக்கனத்தின் பெயரால் வருகிறது. காப்பிக் கடைக்குப் போகும் தொகையை மாதந்தோறும் சேமித்தால் பத்தாண்டில் என்னென்ன வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சில வேளை பண்பாட்டின் பெயரால் வருகிறது. பித்தளை ஃபில்டர், முதல் டிகாக்‌ஷன், தண்ணீர் கலக்காத பால், டபரா செட் ஆகியவற்றைக் கைவிட்ட தலைமுறை தன்னையே கைவிட்டது என்று புலம்புகிறது. எதிரணியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும். அவர்கள் கையில் ஹேபர்மாஸ் இருக்கிறார். 1962இல் வெளிவந்த அவருடைய நூல் லண்டன் காப்பி இல்லங்களுக்குப் பொதுவெளியின் வரலாற்றில் தந்த இடத்தைச் சுட்டி, கடையில் அமர்ந்து குடிக்கும் ஒவ்வொரு கோப்பையையும் அவர்கள் குடிமை வாழ்வின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

இரண்டு அணியும் கோப்பையைப் பார்க்கின்றன. அந்தக் கோப்பையைக் கையில் வைத்திருப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், அங்கே உட்கார அவருக்கு உரிமை எப்படி வந்தது, அவர் உட்கார்ந்திருக்கையில் யார் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை இரண்டும் கேட்பதில்லை. காப்பியின் சுவையைப் பற்றிய சண்டையாக இது நீடிக்கும்வரை தீர்வும் இல்லை, பயனும் இல்லை. வீட்டுக் காப்பி சுவையானது என்பதில் ஐயமில்லை. (வீட்டுத் தூளிலும் சிக்கரி இருக்கிறது என்பதைத் தூய்மைவாதிகள் மறந்துவிடுகிறார்கள். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதே இந்நாட்டு விதி. மீதி 49 வரை சிக்கரிக்குச் சட்டப்படி இடமுண்டு.)

வீட்டிலிருந்தே தொடங்கலாம். 'வீட்டில் போட்டுக் குடி' என்னும் அறிவுரையில் வினைக்கு எழுவாய் இல்லை. போடுவது யார்? 2019இல் இந்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு விடை சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களின் நேரம் 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர்தான். இரவே தூளை அழுத்தி வெந்நீர் ஊற்றி வைப்பது, விடியுமுன் பாலை அடுப்பில் ஏற்றுவது, ஒவ்வொருவர் எழும் நேரத்துக்கும் ஒவ்வொரு முறை கலப்பது, பாத்திரம் தேய்ப்பது ஆகிய அனைத்தையும் விலையிலிருந்து கழித்த பிறகுதான் வீட்டுக் காப்பி 'சில ரூபாய்' ஆகிறது. கடைக்காரர் ஊழியருக்குக் கூலி கொடுக்காமல் விட்டால் அவர் காப்பியும் மலிவாகவே இருக்கும். பண்பாட்டுப் புலம்பலை எழுதுபவர்களில் டிகாக்‌ஷன் இறக்கியவர்கள் எத்தனை பேர் என்பது ஆய்வுக்குரிய கேள்வி.

அந்த வீட்டுக்குக் கதவும் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையைப் படித்தவர்களுக்குக் காப்பி தமிழகத்தில் எந்தச் சாதியின், எந்த வகுப்பின் அடையாளமாக வளர்ந்தது என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தினருக்குக் காப்பி தருவது பண்பு. எந்த விருந்தினருக்குக் கூடத்தில், யாருக்குத் திண்ணையில், யாருக்குத் தனி டம்ளரில் என்பதும் அதே பண்பின் பகுதியாகவே இருந்தது.

கடை இக்கதவைத் திறந்துவிட்டதா? அரைகுறையாக. காப்பி கிளப்புகளிலும் ஓட்டல்களிலும் 'பிராமணாள்' பலகை தொங்கியது. தொடர்வண்டி நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கும் பிறருக்கும் தனித்தனி இடம் என்னும் வழக்கம் பெரியார் எதிர்த்துப் போராடிய பிறகு 1941இல்தான் ஒழிந்தது. விடுதலைக்குப் பத்தாண்டு கழித்து, 1957இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப் பலகைக்கு எதிராக மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இதற்குப் பின்னும் பல காலம் தொடர்ந்தது. பொதுவெளியின் தொட்டில் என்று மேற்கோள் காட்டப்படும் லண்டன் கடைகளிலும் நுழைவுக்கு ஒரு பென்னி வேண்டும். பெண்களுக்கு அங்கே இடமில்லை. 1674இல் பெண்களின் பெயரால் காப்பிக்கு எதிராக ஒரு விண்ணப்பமே அச்சாகி உலவியது.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. கடையில் பலகையை எதிர்த்து மறியல் செய்ய முடிந்தது. வீட்டுக் கூடத்தின் முன் யாரும் மறியல் செய்ததில்லை, செய்யவும் முடியாது. காப்பி வாரியம் 1950களில் தன் காப்பி இல்லங்களை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலன் முதலியோரின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றையே 'இந்தியன் காபி ஹவுஸ்' என்று நடத்திக் காட்டினார்கள். பரிமாறுபவரே உரிமையாளராவது கடையில் நிகழ்ந்தது, அடுப்படியில் அன்று. 1996இல் பெங்களூரில் தொடங்கிய காபி டேயும் 2012இல் மும்பையில் கால்வைத்த ஸ்டார்பக்ஸும் இந்த வரலாற்றின் வாரிசுகள் போல நடந்துகொள்வது வேறு கதை. அங்கே பலகையின் வேலையை விலைப்பட்டியல் ஓசையின்றிச் செய்கிறது.

ஆக, ஒருபுறம் ஊதியமில்லாத உழைப்பும் மூடிய கதவும். மறுபுறம் காசுக்கு வாடகை நாற்காலி. மனிதர் கூடியிருக்க இந்த இரண்டைத் தவிர மூன்றாவது இடம் இருக்கவே முடியாதா? லண்டனையும் வியன்னாவையும் மேற்கோள் காட்டுபவர்கள் ஒருமுறை கார் நிக்கோபாரையும் பார்க்கலாம். தமிழருக்கு அது அந்நிய ஊருமன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டேனியர்கள் நிக்கோபாருக்கு உரிமை கொண்டாடியது தரங்கம்பாடியிலிருந்துதான். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் அரசு முகவராகவும் உபதேசியாராகவும் இருந்து பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன், சென்னையிலிருந்து சென்றவர். அவருடைய மாணவரான ஜான் ரிச்சர்ட்சனே பின்னாளில் நிக்கோபாரின் ஆயராகவும் முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் ஆனார்.

கார் நிக்கோபாரின் மரபான ஊர் அமைப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தூஹெத். கூட்டுக் குடும்பம் என்று மொழிபெயர்த்தாலும் அச்சொல் முழுப் பொருளைத் தராது. தென்னைகள், தோட்டங்கள், பன்றிகள் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துப் பல குடும்பங்கள் ஒரு தலைவரின் கீழ் வாழும் அமைப்பு அது. மற்றொன்று எல்பனம். கடற்கரையை ஒட்டிய ஊர்ப் பொது நிலம். கூடிப் பேசும் குடில், படகுக் கொட்டகை, கல்லறை எல்லாம் அங்கேதான். பிரசவத்துக்குப் பெண்கள் தம் தூஹெத்திலிருந்து அங்கே வருவார்கள்; சாகக் கிடப்பவரையும் அங்கே கொண்டுவருவார்கள். பிறப்பும் இறப்பும் தனி வீட்டின் காரியமாக அல்லாமல் ஊரின் காரியமாக இருந்த இடம் அது. வந்தவருக்கு நீட்டப்படும் பானம் இளநீர், அல்லது கள். தென்னை தூஹெத்தின் தென்னை. ஆகவே அதைக் 'கடைச் சரக்கு' என்றோ 'வீட்டுத் தயாரிப்பு' என்றோ பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை. உட்கார்ந்திருப்பதற்கு எதையும் வாங்க வேண்டியதுமில்லை.

இதைக் காசறியாத ஆதிக் குடிகளின் வெகுளித்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. தேங்காயே அங்கே நாணயமாக இருந்தது. இணை இணையாக எண்ணப்பட்ட தேங்காய்களில்தான் துணி, இரும்பு, அரிசி முதலியவற்றின் விலை பேசப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மலாய்க் கரையிலிருந்தும் கப்பல்கள் அதற்காகவே வந்தன. பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகத்தில் புழங்கிய மக்கள் அவர்கள். கடைப் பொருளும் சந்தையும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஊர் கூடும் நிலத்தை அவர்கள் விலைக்கு வைக்கவில்லை.

எல்பனத்தைச் சொர்க்கமாக்கவும் தேவையில்லை. தீய ஆவி பிடித்தவர் என்று கருதப்பட்டவரை ஊரார் கூடி முடிவெடுத்துக் கொன்ற நிகழ்ச்சிகளைச் சாலமனின் நாட்குறிப்புகளே பதிவுசெய்துள்ளன. பொது நிலம் பொதுக் கொடுமைக்கும் நிலமாகலாம். ஆனால் திருவல்லிக்கேணிப் பலகையைக் காட்டிக் காப்பிக் கடை என்னும் கருத்தையே எவரும் தள்ளிவிடுவதில்லை. அந்த அளவுகோல் இங்கும் பொருந்தும்.

2004 டிசம்பர் 26 காலையில் கரையோரம் இருந்த அனைத்தையும் கடல் கொண்டுபோனது. ஊர்கள் கரையோரமே இருந்தவை; எல்பனமோ கரையிலேயே இருந்தது. அதன் பின் குடியிருப்புகள் உள்ளே தள்ளி அமைந்தன. முதலில் தகரக் கொட்டகை, பிறகு நிரந்தரக் குடில். நிவாரணத்தின் அலகு கணவன், மனைவி, பிள்ளைகள் கொண்ட தனிக் குடும்பம். தூஹெத்தின் தென்னைகளுக்கு உரிய இழப்பீடும் இவ்வலகின் வழியே வங்கிக் கணக்குகளில் பணமாக வந்து சேர்ந்தது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; பணம் செலவாக அவ்வளவு காலம் ஆகாது. இருசக்கர வண்டி, தொலைக்காட்சி, கைப்பேசி, பொட்டலத் தின்பண்டம், கடைப் பானம் எல்லாம் போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறி வந்தன. இந்த மாற்றத்தை நெடுங்காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங் போன்றோர், அலை செய்த அழிவோடு உதவி செய்த அழிவையும் சேர்த்தே எழுதியுள்ளனர்.

அவ்வாய்வுகளின் சாரம் கருத்தரங்குகளுக்கு வந்து சேரும்போது வேறொன்றாகத் திரிந்துவிடுகிறது. 'இளநீர் குடித்தவர்கள் கடைப் பானத்துக்கு மாறிவிட்டார்கள், நுகர்வு மோகம் பிடித்துவிட்டது' என்னும் இரங்கலாக அது உருமாறுகிறது. இரங்குபவர் கையில் பெரும்பாலும் ஒரு காகிதக் கோப்பை இருக்கும். கார் நிக்கோபாரில் கடைப் பொருளுக்கு ஆசை புதிதன்று என்பதற்கு மேலே சொன்ன கடல் வணிகமே சான்று. புதியது வேறு. பொருள் வந்து சேரும் இடம் தூஹெத்திலிருந்து தனிக் குடிலுக்கு மாறியது. தனிக் குடிலின் அடுப்பில் வைக்கும் தேநீருக்குத் தூளும் சர்க்கரையும் பால்மாவும் காசுக்கு வர வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் வரை ஏறக்குறைய மூன்று நாள், அங்கிருந்து மறுபடி ஒரு கப்பல். 'வீட்டில் போட்டுக் குடிப்பது தற்சார்பு' என்னும் சொற்றொடர் இத்தீவின் துறைமுகத்தில் இறங்கிய உடனே செத்துவிடும். தற்சார்பான பானம் அங்கே மரத்தில் இருந்தது. ஊர் கூடிக் குடித்தது. வீடு என்னும் அலகு அரசின் படிவத்தில் வந்தது.

வெளியார் அங்கே நிலம் வாங்கவோ உரிமமின்றி வணிகம் செய்யவோ 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடைவிதிக்கிறது. சங்கிலிக் காப்பிக் கடை நாளைக்கே மலாக்காவிலோ சாவையிலோ திறந்துவிடாது. ஆனால் தனிக் குடிலை வரைபடத்தில் வரைந்து, கூடும் நிலத்தை வரையாமல் விட்டதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. மக்கள் தாமாகவே விருந்துகளையும் படகுப் போட்டிகளையும் மீட்டெடுத்ததைத் திட்டத்தின் வெற்றியாகக் கணக்கில் எழுத வேண்டாம்.

பெருநிலத்து நகரங்களில் இது அலையில்லாமல் நடந்தது. திண்ணைகள் கார் நிறுத்துமிடம் ஆயின. படிப்பகங்கள் பூட்டப்பட்டன, அல்லது கட்சிக் கொடிக்கம்பமாகச் சுருங்கின. பூங்காக்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. தனிக் குடும்பத்துக்கு அடுக்ககத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. அதற்கு வெளியே காசில்லாமல் உட்கார ஓரிடமும் மிஞ்சாதபோது, முந்நூறு ரூபாய்க் காப்பி என்பது இரண்டு மணி நேர நாற்காலியின் வாடகை. அதைக் கொடுப்பவரை மோகம் பிடித்தவர் என்று ஏசுவது, தண்ணீர் லாரிக்குக் காசு கொடுப்பவரைத் தண்ணீர்ப் பித்தர் என்று ஏசுவதற்கு ஒப்பு. ஏசுபவரின் வீட்டில் கூடம் இருக்கிறது, கூடத்தில் கலந்து கொடுக்க ஒருவர் இருக்கிறார். கொடுப்பவரில் பலர் பேயிங் கெஸ்ட் அறையில் நான்கில் ஒரு கட்டிலுக்குச் சொந்தக்காரர்கள். அவர்களில் பெண்கள், ஊரிலிருந்த கூடத்தில் ஒருநாளும் உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள் அல்லர். கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவர்கள்.

ஹேபர்மாஸைக் காட்டிக் கடையைப் போற்றுபவர்களுக்கும் இது ஆறுதல் தராது. வாடகை நாற்காலியைக் குடிமை வாழ்வென்று கொண்டாடுவதால்தான் வளாகத்துக்குள்ளேயே குத்தகைக் காப்பிக் கடை வரும்போது வரவேற்புரை வாசிக்கத் தோன்றுகிறது. எத்தனையோ பல்கலைக்கழக விடுதிகளில் மின் கெட்டில் வைத்திருப்பதே குற்றம். சோதனையில் கண்டால் பறிமுதல். நூலகம் மாலையிலேயே மூடப்படுகிறது. துறைக் கட்டடத்தின் படிக்கட்டில் நால்வர் உட்கார்ந்தால் காவலர் வந்து அடையாள அட்டை கேட்கிறார். பெண்கள் விடுதியின் கதவு ஆண்கள் விடுதியின் கதவுக்கு முன்பே சாத்தப்படுகிறது. இத்தனைக்கும் நடுவே விளக்கெரியும் இடம் ஒன்றே ஒன்று, அங்கே கல்வி உதவித்தொகை ஆறு மாதமாக வராத முனைவர் பட்ட மாணவர் ஒரு கோப்பையை மூன்று மணி நேரம் குடிக்கிறார். பொதுவெளி குறித்த அடுத்த கருத்தரங்குக்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கும் துறைகள், அந்தக் கோரிக்கையோடு நூலகத்தை இரவு முழுதும் திறந்துவைக்கும் கோரிக்கையையும், காசில்லாமல் உட்கார இருபது பெஞ்சுக்கான கோரிக்கையையும் சேர்த்து அனுப்பட்டும். பெஞ்சுக்குத் தலைப்புரை தேவைப்படாது.