பாட்டும் படமும் யார் கிடங்கில்?

சரக்கைச் சொந்தக் கடையில் வைப்பதா, வாடகைக் கிடங்கில் வைப்பதா என்ற கணக்கு நம் வணிகப் பெருமக்களுக்குப் பழகியது. அதே கணக்கைப் பாட்டுக்கும் படத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்யாண வீடியோ, கோயில் திருவிழாச் சப்பரம், கப்பலில் இருக்கும் பிள்ளை அனுப்பிய படம், கடையில் காலை முதல் ஓடும் பாட்டு எல்லாம் இன்று செல்போனுக்குள்தான் கிடக்கின்றன. போன் நிறைந்துவிட்டால் இரண்டு வழி உண்டு. ஹார்டு டிஸ்க் வாங்கி வீட்டில் வைக்கலாம். அல்லது கிளவுட் என்கிறார்களே, அந்த இணையக் கிடங்கில், அதாவது எங்கோ ஓர் ஊரில் ஒரு கம்பெனியின் கணிப்பொறியில் ஏற்றி வைக்கலாம்.

முதல் பிரதி நம் கையில்தான் இருக்க வேண்டும், கிளவுட் இரண்டாம் கிடங்காக இருந்தால் போதும் என்பது நம் கருத்து.

வாடகைக் கிடங்குக்காரர் முதலில் இலவசம் என்பார், சரக்கு சேர்ந்த பிறகு வாடகை கேட்பார். கூகுள் நிறுவனம் புகைப்படங்களை அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்று, புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜி.பி. என்ற இலவச அளவில் கழியத் தொடங்கியது. செல்போனில் நல்ல தரத்தில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. பிடிக்கும். பேத்தியின் புதுநன்மை விழாவை இரண்டு மணி நேரம் எடுத்தால் 15 ஜி.பி. போதாது.

இதில் வியாபாரிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. படம், கோப்பு, மின்னஞ்சல் மூன்றுக்கும் அந்த அளவு பொது. படம் நிறைந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். ஜி.எஸ்.டி.க்கும் வங்கிக்கும் அதே முகவரியைக் கொடுத்திருப்பவர்கள் நம்மில் பலர். பேத்தியின் வீடியோவால் வரி நோட்டீஸ் வந்து சேராமல் போகும் என்று யார் நினைப்பார்கள்? பதில் தரவேண்டிய கெடு மட்டும் நமக்காக நிற்பதில்லை.

கிடங்கையே பூட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கூகுளின் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. மைஸ்பேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டுகள் கணிப்பொறி மாற்றத்தில் அழிந்துபோனதாக 2019இல் ஒப்புக்கொண்டது. மாதச் சந்தா கட்டிப் பாட்டு கேட்கும் செயலிகளில் ‘டவுன்லோடு’ என்று இருப்பதும் நம் கொள்முதல் ஆகாது; சந்தா நின்றால் அதுவும் நிற்கும். கேசட் காலத்தில் பாட்டு நம் அலமாரியில் இருந்தது. பூஞ்சை பிடித்தாலும் நம் பூஞ்சை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் அரசு இணையத்தை நிறுத்தியது. நம் மாவட்டத்தில் சில நாட்கள் கிளவுடில் இருந்த சரக்கை எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. தன் சாமானுக்குச் சாவி தன்னிடம் இல்லை என்பதை அன்று பலர் அறிந்தார்கள்.

ஆனால் சொந்தக் கிடங்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு 2023 டிசம்பர் பதில் சொன்னது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில், திருச்செந்தூருக்கு வடக்கே உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வெள்ளம் புகுந்த கடைகளில் அரிசி மூட்டையோடு பேரேடும் கணிப்பொறியும் நனைந்தன. அந்த வீடுகளில் ஹார்டு டிஸ்க் மட்டும் மிதந்தா இருக்கும்? மின்சாரமும் செல்போன் கோபுரமும் படுத்துவிட்டதால் கிளவுடையும் உடனே தொட முடியவில்லை, உண்மைதான். ஆனால் ஏற்றி வைத்திருந்தது வெளியூரில் பத்திரமாக இருந்தது, கரண்ட் வந்ததும் கிடைத்தது.

பெரியதாழையில் வெள்ளமே வராவிட்டாலும் உப்புக்காற்று இருக்கிறது. ஷட்டரையும் தராசையும் தின்கிற காற்று ஹார்டு டிஸ்க்கின் முனையை விடுமா? காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, உயரமான அலமாரியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்துச் சில படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். பென் டிரைவ் கைமாற்றத்துக்கு ஆகும், கையிருப்புக்கு ஆகாது.

டிஸ்க்கை இரண்டாக வாங்கி, ஒன்றை நெல்லையிலோ சென்னையிலோ இருக்கும் மகள் வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. சினிமாப் பாட்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். 5 எம்.பி. வீதம் ஒரு ஜி.பி.யில் 200 பாட்டு அடங்கிவிடும், அதற்கு மாத வாடகை எதற்கு? மறைந்த தகப்பனாரின் குரலும் பழைய கல்யாணக் கேசட்டிலிருந்து மாற்றிய படமும்தான் மறு கொள்முதல் இல்லாத சரக்கு. அவற்றை மட்டும் பொறுக்கி கிளவுடிலும் ஏற்றுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். இரண்டு ஆண்டு திறக்காத கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023இல் அறிவித்துவிட்டது. கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் பழைய கணக்குகளை வீட்டார் கவனிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நம் கருத்து நேர்மாறு. அது கடையின் கண்காணிப்புக் கேமரா. அதன் பெட்டி நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். கல்லாவை உடைக்க வருகிற திருடன் அந்தப் பெட்டியையும் தூக்கிப் போகிறான் என்று அடிக்கடி செய்தி வருகிறது. கல்லா, கதவு இரண்டையும் பார்க்கும் கேமராக்களின் பதிவையாவது வாடகை கொடுத்து வெளிக் கிடங்கில் சேருங்கள். பெட்டியைக் கல்லா மேசைக்கு அடியில் வைத்திருப்பவர்கள் இன்றே உள்ளறைக்கு மாற்றுங்கள்.