குழந்தை அழாத ஊர்

ஊர் என்றால் என்ன? நாலு தெருவும் ஒரு கடைவீதியும் அமைந்துவிட்டால் அது ஊராகிவிடுமா? ஒரு வீட்டில் தொட்டில் கட்டியிருக்க, மறு வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டிருக்க, எதிர்வீட்டில் யாரோ ஒரு கிழவர் கடைசி மூச்சை எண்ணிக் கொண்டிருக்க, மூன்றும் ஒரே தெருவில் ஒரே நாளில் நடந்தால்தான் நான் அதை ஊர் என்பேன். இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்படாத ஊர்கள் அமெரிக்காவில் அறுபது வருஷத்துக்கு மேலாக விலைபோகின்றன. இப்போது அதே சரக்கு கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் விற்பனைக்கு வந்திருக்கிறது. பிள்ளை வெளிநாட்டில், பெண் பெங்களூரில், பெரிய வீட்டில் இரண்டே பேர் என்று இருக்கிற குடும்பங்களில் இதைப் பற்றித்தான் பேச்சு. வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடலாமா என்கிற கேள்வி சாமானியமான கேள்வி அல்ல. வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதையும் பணயமாக வைத்துக் கேட்கிற கேள்வி. ஆகையால் கொஞ்சம் காரமாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கட்சியாருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேன். “பெற்றவர்கள் தனியே போய் இருப்பதா? நம் பண்பாடு என்ன ஆயிற்று?” என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்களே, அவர்களுக்கு. கூட்டுக் குடும்பத்தின் பெருமையை மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் படுக்கையில் கிடந்த மாமியாருக்குத் தங்கள் கையால் கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள்? ஊட்டியவள் மருமகள். அவளுக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, நன்றியும் இல்லை. அவளுடைய முதுகெலும்பின் மேல் நின்ற கட்டிடத்துக்குத்தான் பண்பாடு என்று பெயர் வைத்தோம். இன்று அவள் வேலைக்குப் போகிறாள். கட்டிடம் ஆடுகிறது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? வயதான இருவர் யாருக்கும் பாரமாக இல்லாமல், தங்கள் பணத்தில், தங்கள் வயதுக்காரர்களோடு பேசிச் சிரித்துக் கொண்டு இருக்க ஆசைப்பட்டால், அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

என் சண்டை ஆசையோடு இல்லை. அந்த ஆசைக்கு விற்கப்படுகிற சரக்கோடுதான்.

சரக்கின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். அரிஸோனாவில் யங்டவுன் என்று ஓர் ஊர், 1954-ல் முதியவர்களுக்காகவே ஏற்பட்டது. பெயரிலேயே இளமை! ஆனால் இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் டெல் வெப் என்கிற கட்டிடக் காண்டிராக்டர். 1960 ஜனவரி 1-ம் தேதி, அதே வட்டாரத்தில், பருத்தி விளைந்த நிலத்தில் ‘ஸன் சிட்டி’யைத் திறந்தார். வீடு விற்பதற்கு முன்பே கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், கடைவீதி எல்லாம் தயார். முதியவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டு வரமாட்டார்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். திறந்த அந்த வார இறுதியில் பார்க்க வந்த கூட்டம் சுமார் ஒரு லட்சம் என்று சொல்வார்கள். நிபுணர்கள் வாயடைத்துப் போனார்கள். 1962-ல் வெப்பின் படம் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் வந்தது.

வெப் செய்த சாமர்த்தியம் என்ன? முதுமை என்ற சொல்லை அவர் விற்கவில்லை. ‘சுறுசுறுப்பான வாழ்க்கை’ என்று விற்றார். ஓய்வு என்பது உட்கார்ந்திருப்பது அல்ல, ஓடி ஆடுவது என்றார். நல்ல வார்த்தைதான். அங்கே போனவர்கள் சும்மாவும் இருக்கவில்லை; தொண்டர்களாகத் தாங்களே தெருவைச் சுத்தம் செய்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து நான் மகிழ்கிறேன். ஆனால் அந்தச் சுறுசுறுப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறதே, அதுதான் தொண்டையில் முள்ளாய்க் குத்துகிறது. குழந்தைகள் அங்கே குடியிருக்கக் கூடாது.

வரலாம், பார்க்கலாம், போய்விட வேண்டும். ஃபுளோரிடாவில் ‘தி வில்லேஜஸ்’ என்று ஒரு பிரம்மாண்டமான குடியிருப்பு உண்டு. 2020 ஜனத்தொகைக் கணக்கில் அந்த வட்டாரத்தில் சுமார் 1,30,000 பேர். அதற்கு முந்தைய பத்து வருஷங்களில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகர வட்டாரம் அது. வீதியெல்லாம் கோல்ஃப் வண்டிகள். அங்கே 19 வயதுக்குக் குறைந்தவர்கள் வருஷத்தில் 30 நாள் வரைதான் விருந்தாளியாகத் தங்கலாம். ஸன் சிட்டியிலோ ஒரு தரும ஸ்தாபனம் சக்கர நாற்காலியை இரவல் கொடுக்கிறது. கூடவே குழந்தைத் தொட்டிலும் இரவல் கொடுக்கிறது! திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய தொட்டில். ஒரு ஊரின் கதையை இதைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது.

“சட்டம் அனுமதிக்கிறதா?” என்று கேட்பீர்கள். அனுமதிக்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 1988-ல் சட்டம் செய்தது. முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நூற்றுக்கு 80 வீடுகளில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருக்க வேண்டும். அத்தோடு, முதியவர்களுக்குத் தேவையான விசேஷ வசதிகளும் இருக்க வேண்டும் என்று அப்போது நிபந்தனை போட்டார்கள். 1995-ல் இன்னொரு சட்டம் வந்து, அந்த வசதி நிபந்தனையைத் தூக்கிவிட்டது. இப்போது என்ன மிஞ்சியது? வயதுச் சான்று மிஞ்சியது. குழந்தையைத் தடுக்கிற உரிமை மிஞ்சியது. முதியவருக்குக் கைப்பிடிச் சுவர் ஒன்று வைக்க வேண்டிய கடமைகூட அந்த விலக்கைப் பெறத் தேவையில்லை!

விலக்கி வைக்கிற பழக்கம் வீட்டு வாசலோடு நிற்குமா? நிற்காது. ஸன் சிட்டி அமைந்திருந்த பள்ளி வட்டாரத்தில், கட்டிடம் கட்டக் கடன் எழுப்பும் தீர்மானங்கள் ஓட்டுக்கு வந்தபோதெல்லாம், “எங்களுக்குத்தான் பிள்ளைகள் இல்லையே, நாங்கள் ஏன் வரி கொடுக்க வேண்டும்?” என்று பலர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. கடைசியில் 1970-களில் அந்தப் பள்ளி வட்டாரத்திலிருந்து ஸன் சிட்டியையே கழற்றிவிட்டார்கள். இந்த முதியவர்கள் கெட்டவர்களா? இல்லை. சொந்தப் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்ப ஒருபோதும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் தினமும் புத்தகப் பையோடு தெருவில் போகிற குழந்தையைக் கண்ணால் பார்க்காதவனுக்குப் பள்ளிக்கூடம் வெறும் வரி ரசீதாகத்தான் தெரியும். குற்றம் மனத்தில் இல்லை. ஊரின் அமைப்பில் இருக்கிறது.

யங்டவுனில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1990-களில் ஒரு தாத்தாவும் பாட்டியும், வீட்டில் நிம்மதி இல்லாமல் தங்களிடம் வந்து சேர்ந்த பேரனை வைத்துக் கொண்டார்கள். விதியை மீறியதாக ஊர் நிர்வாகம் அவர்கள் மேல் பாய்ந்தது. விவகாரம் முற்றி, மாநில அரசின் சட்ட அதிகாரி தலையிட்டு, 1998-ல் அந்த ஊரின் வயதுக் கட்டுப்பாடே செல்லாது என்று ஆயிற்று. அடைக்கலம் என்று வந்த பேரனை வாசலில் நிறுத்திவிட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டவேண்டிய நிலைமைக்கு ஒரு தாத்தாவைத் தள்ளுகிற ஊரில், நீச்சல் குளம் எத்தனை நீளமாக இருந்தால் எனக்கென்ன?

நம் ஊர் வியாபாரிகள் இதற்கு ஒரு திருநீறு பூசுகிறார்கள்: “இது வானப்பிரஸ்தம் ஸார்!” என்கிறார்கள். நல்ல வேடிக்கை! நரையும் திரையும் கண்டு, பேரனையும் கண்ட பிறகு கிருகஸ்தன் காட்டுக்குப் போகலாம் என்று மனு சொல்கிறார். எதை விட்டுவிடுவதற்காகப் போனான்? சுகத்தை. இவர்கள் எதற்குக் கூப்பிடுகிறார்கள்? சுகத்துக்கு. காட்டுக்குப் போகிறவன் முன்பணம் கட்டியதாகவோ, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியதாகவோ எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

சரி, போவது என்றே தீர்மானித்துவிட்டீர்களா? போங்கள். ஆனால் வர்ணப் படம் போட்ட விளம்பரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். நான் நடக்க முடியாமல் விழுகிற அன்று இதே வீட்டில் இருக்கலாமா, அல்லது வேறு கட்டிடத்துக்கு மாற்றுவீர்களா? மாற்றினால் யார் செலவில்? இந்த வீடு எனக்குக் கிரயமா, அல்லது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை மட்டுமா? எங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவருடைய நிலை என்ன? மாதக் கட்டணத்தை ஏற்றுவது யார், அதைத் தட்டிக் கேட்கக் குடியிருப்போருக்கு ஓட்டு உண்டா? பேரன் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால் முகம் சுளிப்பீர்களா? மத்திய அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக் குடியிருப்புகளுக்கு மாதிரி விதிமுறைகள் வகுத்தது. அவற்றில் எவற்றை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள்? இவற்றுக்கு வாயால் பதில் சொன்னால் போதாது. பத்திரத்தில் சொல்ல வேண்டும். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் ஸார்” என்று ஒருவன் சிரித்தால், அந்தச் சிரிப்புக்கு நீங்கள்தான் விலை கொடுக்கப் போகிறீர்கள்.

‘சுறுசுறுப்பான’ என்கிற அடைமொழிதான் இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய ஏமாற்று. எழுபதில் டென்னிஸ் ஆடுகிறவரைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அவரே எண்பத்தைந்தில் என்ன ஆவார் என்று அடுத்த பக்கத்தில் போடுவதில்லை. முதுமையை மறைத்துக் கொண்டு முதியவர்களுக்கு வீடு விற்பது, மழையை மறைத்துக் கொண்டு குடை விற்பதைப் போன்றது.

எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லாத இடம் எது தெரியுமா? வைத்தியரும் சமையல்காரரும் கைப்பிடிச் சுவரும் உள்ள முதியோர் வீடுகள், சாதாரணமான ஒரு தெருவிலேயே, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கொண்டு அந்த வாசல் வழியே ஓடட்டும். பந்து உள்ளே வந்து விழட்டும். ஜன்னல் கண்ணாடி உடையட்டும். கிழவர் வெளியே வந்து திட்டட்டும். அவரைச் சுறுசுறுப்பாக வைத்திருக்க அதற்கு மேல் எந்த மைதானமும் வேண்டியதில்லை.