கேட்டால் குற்றமா?

பத்து ரூபாய் பேனா வாங்கினாலும் கிறுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் டாக்டர் "ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டை நீட்டினால் மட்டும் மறுபேச்சு இல்லாமல் எழுந்து விடுகிறோம். ஏன் இந்தப் பயம்?

என் அப்பா மூட்டை தூக்குபவர். மூன்று வாரமாக முதுகு வலி என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். முதல் நாளே ஸ்கேன்! அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. படத்தில் ஒன்றுமில்லை, கொடுத்தது வலி மாத்திரைதான். "எதுக்குன்னு கேட்டீங்களாப்பா?" என்றேன். "படிச்சவரை எப்படிடா கேக்கிறது? கோவிச்சுக்குவாரு" என்றார்.

கால் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காய்ச்சல், அடிபட்டது போன்றவை இருந்தால் படம் அவசரமே. அவை எதுவும் இல்லாத முதுகு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் எடுப்பதால் பெரும்பாலும் பலனில்லை என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

சோதனை என்றால் பிழையே வராதா? வெர்னியருக்கே ஜீரோ எரர் பார்க்கிறோமே! 1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 90 சரியாகச் சொல்லும் சோதனை, அந்த 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும்! அந்த 99 குடும்பங்களின் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

டாக்டர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வாசலில் நிற்கும் கூட்டத்தில் அவருக்கும் நேரமில்லை. "ஸ்கேன் எழுதலைன்னா அவர் என்ன டாக்டர்?" என்று பேசுவதும் நாம்தான். நோயைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பது நமக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் சரியான முடிவு.

மருத்துவத்தின் நான்கு அங்கங்களைச் சொன்ன வள்ளுவர் நோயாளியைத்தான் முதலில் வைத்தார். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் நோயாளிக்கு விளக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆகவே தோழர்களே! இந்தச் சோதனை எதற்கு? விடையைப் பொறுத்து வைத்தியம் மாறுமா? கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன ஆகும்? இந்த மூன்றையும் பணிவாகக் கேட்போம். வீட்டில் முதலில் படித்தவர்கள் நம்மில் பலர். நாமே வாய் திறக்காவிட்டால் நம் அப்பா அம்மாவுக்காக வேறு யார் கேட்பார்கள்?