இரும்புத்தூளுக்கு ‘பலவீனம்’ என்று பெயர்; பலியானவர்களோ ஐவர்

சிங்கப்பூர் துவாசில் 2021 பிப்ரவரி 24ஆம் தேதி நடந்த வெடிப்பில் மூன்று ஊழியர்கள் மாண்டனர். ஏழு பேர் காயமடைந்தனர். முதலில் வெடித்தது கலவை இயந்திரத்தின் எண்ணெய் உறை. பிறகு தீயாகப் பரவியது, காற்றில் கிளம்பிய உருளைக்கிழங்கு மாவு. மாவே இப்படியென்றால் உலோகத்தூளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எரியும் தூள்களை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். மூடிய கலத்தில் தூளை வெடிக்கவைத்து, அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளப்பதுதான் சோதனை. நுண்ணிய அலுமினியத்தூள் பெரும்பாலும் மிகக் கடுமையான மூன்றாம் வகுப்பில் வரும். இரும்புத்தூளுக்கு முதல் வகுப்பு, அதாவது ‘பலவீனமான’ வெடிப்பு.

அந்தச் சொல்லை நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், உருக்கிய இரும்பைச் சிதறடித்துத் தூளாக்கும் ஆலை ஒன்றில் 2011 ஜனவரி முதல் மே வரை மூன்று விபத்துகள். ஐந்து ஊழியர்கள் உயிரிழந்தனர். கடைசி விபத்தில் கசிந்த ஹைட்ரஜன் வெடித்த அதிர்ச்சியில், கூரை விட்டங்களில் படிந்திருந்த இரும்புத்தூள் உதிர்ந்து நெருப்பு மழையாகப் பொழிந்தது. கட்டடத்தைத் தகர்க்கும் வேகம் அதற்கு இல்லாமல் இருக்கலாம்; ஆளை எரிக்க அது போதும்.

சீனாவின் குன்ஷானில் 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி பலியானோர் 146 பேர். அது தூள் தயாரிக்கும் ஆலைகூட இல்லை. கார் சக்கரங்களுக்கு மெருகேற்றிய இடம். துருப்பிடித்த தூசுத் தொட்டிக்குள் ஈரம் புகுந்து, அலுமினியத்தூள் சூடேறிப் பற்றிக்கொண்டது.

மலேசியத் தொழிலாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 2013ஆம் ஆண்டின் வகைப்படுத்தல் விதிமுறைகளின்படி, அபாய இரசாயனத்தை விற்பவர் முத்திரையும் பாதுகாப்புத் தரவு ஏடும் தர வேண்டும். மூட்டையில் வரும் அலுமினியத்தூளுக்கு அது சரி. ஆனால் பட்டறையில் கிரைண்டர் போடும்போது பறக்கும் தூசுக்கு விற்பவர் யார்? முத்திரையை எதில் ஒட்டுவது? சக்கரமாக உள்ளே வந்த பொருள், தூசாக மாறும்போது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ள திருத்தச் சட்டத்தால், அபாய மதிப்பீடு செய்யும் கடமை முதலாளிக்கு உண்டு. சின்னப் பட்டறைக்கும் அது பொருந்தும். அந்த மதிப்பீட்டில் விட்டத்தின் மேல் படிந்த தூசு இருக்கிறதா என்று ஊழியர்கள் கேட்கலாம். காற்றுக் குழாயால் தூசை ஊதித் தள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். அது படிந்து கிடப்பதை மேகமாக்கிவிடும். எரியும் அலுமினியத்தூளில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். உலர்ந்த மணலோ ‘டி’ வகைத் தீயணைப்பானோ வேண்டும். சுவரில் தொங்கும் வழக்கமான ‘ஏபிசி’ சிலிண்டர் அதற்கு ஏற்றதல்ல.