குற்றம் தந்தியில் அல்ல

சுருதி கலைந்த வாத்தியத்தைக் கண்டால் பிரடையை முறுக்கத் தோன்றுவது இயற்கை. மறுபடி கலைந்தால் மறுபடி முறுக்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால், "இது உருப்படாது" என்று மூலையில் சாத்திவிட்டுப் புதியது வாங்கக் கிளம்பிவிடுவார்கள். சிக்கல் எங்கே என்று திறந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அப்படிப் பார்த்த ஓர் இளைஞரின் கதை, மின்சாரக் கிதாரின் வரலாற்றில் முக்கியமானது.

மின்சாரக் கிதாரில் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலியாக்குவார்கள். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஊரில் 1938-ல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்த லியோ பெண்டர், பிற்காலத்தில் இத்தகைய கிதார்களைச் செய்தார். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. பழுது பார்க்கத் தெரியும். ஆகவே கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம் அன்றோ?

1954-ல் வந்த அவருடைய ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரில் ஒரு நெம்புகோலும் இருந்தது. அதை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து ஸ்வரம் கீழிறங்கும். கையை எடுத்தால், உள்ளே இருக்கும் சுருள்வில்கள் தந்திகளைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ளும். ஏற்பாடு அதுதான். ஆனால் பலமாக அழுத்தியவர்களுக்குக் கலைந்த சுருதியே மிஞ்சிற்று.

1962-ல் நெதர்லாந்திலிருந்து கலிபோர்னியாவின் பாசடீனா நகருக்குக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை எட்டி வான் ஹேலன். கிப்ஸன் கிதாரின் கனத்த நாதமும் பெண்டர் கிதாரின் நெம்புகோலும் ஒரே வாத்தியத்தில் வேண்டும் என்று அவர் விரும்பினார். கடையில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. 1970-களின் நடுவில், கழித்து ஒதுக்கிய மர உடல் ஒன்றை 50 டாலருக்கும், கழுத்து ஒன்றை 80 டாலருக்கும் வாங்கினார். கிப்ஸன் கிதார் ஒன்றின் காந்தச் சுருளை எடுத்து, மரத்தைக் குடைந்து பொருத்தினார். பலத்த ஒலியில் சுருள் அதிர்ந்து கீச்சிடாதிருக்க, அதை உருக்கிய மெழுகில் தோய்த்தார்.

நாதம் கிடைத்தது. சுருதி நிற்க வேண்டுமே!

ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையுடன் ஒரு பக்கம் இழுக்கின்றன; சுருள்வில்கள் மறுபக்கம் இழுக்கின்றன. இந்தத் தராசு சரியாக நின்றால் சுருதி நிற்கும். நெம்புகோலை அழுத்தும்போது, பிரடைகளுக்கு முன்னால் உள்ள சிறு கட்டையின் காடிகளில் தந்தி வழுக்கி நகர்கிறது. திரும்பும்போது காடியில் உராய்ந்து மயிரிழை சிக்கிக்கொண்டாலும் ஸ்வரம் பிசகிவிடும். குற்றம் தந்தியிலும் இல்லை, பிரடையிலும் இல்லை. இடையில் உள்ள உராய்வில் இருக்கிறது. பிரடையை முறுக்குவது அந்தக் குற்றத்தைச் சிறிது நேரம் மறைக்குமே தவிர, நீக்காது.

வான் ஹேலன் பித்தளைக் கட்டை வைத்தார். காடிகளில் எண்ணெய் விட்டார். தந்தி வளையாமல் நேராகச் செல்லும்படி பார்த்துக்கொண்டார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், நகைத் தொழிலும் அறிந்த இசைக்கலைஞர் பிளாய்ட் ரோஸ் வேறு வழி கண்டார். தந்தியைக் கட்டையிலேயே இறுக்கிப் பூட்டி, நகரவே இடமில்லாமல் செய்தார். 1979-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் வழுக்க விட்டார்; மற்றவர் பூட்டினார். இருவரும் நோயின் இடத்தைக் கண்டுகொண்டார்கள் என்பதே முக்கியம். இன்றும் அனுபவசாலிகள் காடியில் பென்சில் கரியைத் தேய்ப்பார்கள். புதுத் தந்தியைக் கையால் இழுத்துப் பழக்குவார்கள். பிரடையில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றமாட்டார்கள். காசு செலவில்லாத வைத்தியம்!

வான் ஹேலன் குழுவின் 1978-ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் அந்த ஒட்டுக் கிதார் ஒலித்தது. 2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

இதற்கெல்லாம் மூல காரணம் அந்த நான்கு திருகாணிகள். கழற்ற முடியாதபடி கழுத்து ஒட்டப்பட்டிருந்தால், அந்த இளைஞரின் கைக்கு வேலையே இருந்திராது. இன்று வீட்டுக்கு வரும் எத்தனையோ சாதனங்கள் பசையால் மூடப்பட்டு வருகின்றன. மின்கலம் ஒன்று தேய்ந்தால் முழுப் பொருளையும் எறிய வேண்டியிருக்கிறது. பணம் போவது ஒரு நஷ்டம். திறந்து பார்த்துக் காரணம் தேடும் பழக்கமே பிள்ளைகளிடம் அற்றுப்போவது அதைவிடப் பெரிய நஷ்டம். பொருள் செய்வோர் திருகாணி வைத்துச் செய்யட்டும். வாங்குவோர், "இதைத் திறக்க முடியுமா?" என்று கேட்டு வாங்கட்டும்.