கூரையின் திட்டத்தை வீட்டார் வரையட்டும்

எமது மீள்குடியேறிய கிராமங்களில் வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் பேச்சு இன்று பரவலாக அடிபடுகிறது. 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு இது மகிழ்ச்சியான பேச்சுத்தான். ஆனால் எத்தனை தகடு, கூரையின் எந்தப் பக்கம், எந்த மரத்தைத் தறிப்பது என்பவற்றை விற்க வருபவரே அரை மணித்தியாலத்தில் தீர்மானித்துவிட்டுப் போவதை நாம் ஏற்கமுடியாது. திட்டத்தை வீட்டார் வரைய வேண்டும். தொழில் தெரிந்தவர் அதைச் சரிபார்க்க வேண்டும். இதுவே எமது கருத்து.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். 9 வாற்று மின்குமிழ்கள் நான்கு 5 மணித்தியாலமும், 60 வாற்று மின்விசிறி ஒன்று 6 மணித்தியாலமும், 50 வாற்றுத் தொலைக்காட்சி 3 மணித்தியாலமும் இயங்கினால் நாளொன்றுக்கு 690 வாற்று மணி செலவாகும். அது முக்கால் யூனிற்றிலும் குறைவு. பற்றரியில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும், வெயில் நாளில் 400 வாற்றுத் தகடு ஒன்று இதற்குப் போதும். 5 கிலோவாற்றுக்கோ ஏறத்தாழ 270 சதுர அடி வேண்டும். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடொன்றில் ஒரு பக்கக் கூரை அநேகமாக முழுவதும் மூடப்பட்டுவிடும். மின்சாரத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்பார்கள். அந்த விலை பலமுறை மாற்றப்பட்டுள்ளது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது நிழல். தகட்டிலுள்ள கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. வாய்க்காலின் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. அதுபோல ஒரு கலத்தில் நிழல் விழுந்தாலும் அது சேர்ந்திருக்கும் வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். தண்ணீர்த் தாங்கியின் நிழலோ, ஒரு தென்னோலையின் நிழலோ இதற்குப் போதும்.

நிழல் ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வன்னி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. மார்கழியில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 40 அடித் தென்னை வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 26 அடிக்கு நிழல் வீசும். ஆனியில் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால் அதே மரத்தின் நண்பகல் நிழல் தெற்கே 10 அடி மட்டுமே. ஆகவே ஒரு நாள் வந்து பார்ப்பவருக்கு இது விளங்காது. நெல்லும் மிளகாயும் காயப்போடும் எமது பெண்களுக்கு வெயில் எந்த மாதம் எங்கே நிற்கும் என்பது நன்கு தெரியும். அவர்களைக் கேட்டு, காலை 9 மணிக்கும் நண்பகலிலும் பிற்பகல் 3 மணிக்கும் கூரையில் நிழல் விழும் இடங்களைக் கொப்பித்தாளில் குறித்துவையுங்கள்.

நிழல் விழுகிறது, மரத்தைத் தறியுங்கள் என்று சொல்வது இலகு. திரும்பி வந்தபோது வெறுமையாகக் கிடந்த காணியில் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த தென்னையும் மாவும் அவை. நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும். தகட்டை மாட்டுக்கொட்டிலின் கூரைக்கோ, கிணற்றடி வெளியில் ஒரு இரும்புச் சட்டத்துக்கோ மாற்ற ஒரு நாள் போதும். தெற்கு நோக்கிய 10 பாகைச் சாய்வு எமது பகுதிக்கு உகந்தது. மழையும் தூசியைக் கழுவிவிடும். எனினும் சாய்வு குறைந்த கூரையில் கிழக்கு அல்லது மேற்குப் பக்கம் வைப்பதால் பெரிய நட்டமில்லை. நிழல் விழும் தெற்கைவிட வெயில் விழும் கிழக்கு மேலானது.

கூரையின் பலத்தையும் பார்க்க வேண்டும். சட்டத்தை ஓட்டுச் சலாகையில் அல்ல, கைமரத்தில் பூட்ட வேண்டும். கைமரம் உக்கியிருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். 2020 மார்கழியில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக் கரையை அண்டி வந்ததை நாம் அறிவோம். காற்று கூரையின் ஓரத்திலேயே கூடுதலாகக் கிளப்பும். எனவே ஓரங்களிலிருந்து ஒன்றரை அடியாவது விட்டு வையுங்கள். தகட்டுக்கும் கூரைக்கும் இடையே நாலு அங்குல இடைவெளி இருந்தால் காற்றோடிச் சூடு தணியும். சூடேறினால் மின்சாரம் குறையும். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் ஏறுவதும் ஆபத்து, அதைத் துளைக்கும்போது பறக்கும் தூசியும் சுவாசப்பைக்குக் கேடு. அத்தகைய வீட்டுக்கு நிலத்தில் நாட்டும் சட்டமே நல்லது.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்போர் எம்மத்தியில் உள்ளனர். அவர்கள் ஒன்றிரண்டு தகடுகளை, ஆணி கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சட்டத்தில் பூட்டுவதே புத்தி. வீட்டுச் சொந்தக்காரருடன் எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளட்டும்.

ஒரு ஒழுங்கையிலுள்ள ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றுகூடினால் இத்தாள்களை ஒரே பின்னேரத்தில் வரைந்து முடிக்கலாம். கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் விற்க வருபவரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு தகடும் எங்கே வரும் என்று அதிலேயே குறித்துத் தரக் கேளுங்கள். குறித்துத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.